பேச்சிப்பாறைக் கப்பலின் ஐந்தாவது கேப்டன்

ஓணத்துக்கு மறுநாள் எங்கள் ஊர் மன்றத்தின் ஆண்டுவிழா. வடம் இழுப்பும் உறியடியும் இருந்தாலும், ஆட்கள் வந்து இடம்பிடிப்பது சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கும் நாடகத்துக்குத்தான். ஒரே கதை, வருடத்துக்கு ஒரு பாகம், பதினேழு வருடமாக ஓடுகிறது. பேச்சிப்பாறை என்று ஒரு விண்கப்பல், அதை ஓட்டும் கேப்டன் வானரசு. எழுதுவது சிலுவைதாசன் அண்ணன். கருங்கல் ஊரிலுள்ள டியூஷன் சென்டரில் இயற்பியல் நடத்துகிறவர். பேச்சிப்பாறை அணையின் பெயரைக் கப்பலுக்கு ஏன் வைத்தீர்கள் என்று கேட்டால், “அத விடப் பெரிசா நம்மகிட்ட வேற என்ன இருக்கு?” என்பார்.

இதுவரை நாலு பேர் கேப்டனாக நடித்திருக்கிறார்கள். நாலு பேருக்கும் கல்ஃப் விசா வந்துவிட்டது. முதலில் செல்வதாஸ் அண்ணன் சவூதிக்குப் போனார். முருகதாஸ் மஸ்கட், ஷமீர் கத்தார். அதோடு ஊருக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. அந்த வெள்ளிக் கலர் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டியவனுக்கு விசா உறுதி. பையனுக்கு கேப்டன் வேஷம் கொடுங்கள் என்று அம்மாக்கள் சிலுவைதாசன் அண்ணன் வீட்டுக்குப் வாழைப்பழக் குலையோடு வருவார்கள்.

நான் பிரிஜா. பத்தாம் வகுப்பு படிக்கும்போதிருந்து திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிறேன். நாலு கேப்டன்களுக்கும் நான்தான். ஹெல்மெட்டை மாட்டியதும் அவர்களுக்கு வசனம் மறந்துபோகும். நான் எடுத்துக் கொடுப்பது பக்கத்தில் தொங்கும் மைக்கில் விழும். முதலில் நான் பேசுவேன், பிறகு கேப்டன் அதையே பேசுவான். கேப்டனுக்கு உள்ளே ஒரு பெண் இருந்து பேசுகிறாள் என்று ஊரே என்னைக் கிண்டல் செய்யும். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் வலிக்காமல் இல்லை.

இந்த வருடம் நாலாவது கேப்டன் ராஜகுமாருக்கு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது விசா வந்தது. மறுநாளே திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிட்டான். அவன் இடத்துக்கு மூன்று பையன்கள் வந்தார்கள். நாற்பது பக்க வசனத்தில் மூன்று பக்கம் தாண்டிய ஆள் ஒருவருமில்லை.

மன்றக் கூட்டத்தில் எழுந்து, “நான் நடிக்கேன். எனக்கு எல்லாம் மனப்பாடம்” என்றேன்.

செயலாளர் நாராயணபெருமாள் அண்ணாச்சி சிரித்தார். “நீ பெண்ணாக்கும் மக்கா. கேப்டன் வந்து நிக்கும்போ ஆளுவ கூவுனா மன்றத்துக்க மானம் போவும்.”

எனக்குக் கோபம் மூக்கு மேல் வந்தது. “போன தடவ ராஜகுமார் வசனம் வராம வானத்தப் பாத்துட்டு நின்னான். அப்பம் போவாத மானமா அண்ணாச்சி, இப்பம் போவப்போவுது?”

சிலுவைதாசன் அண்ணன் மட்டும், “அவளே செய்யட்டும்” என்றார். கடைசியில் அண்ணாச்சி ஒரு நிபந்தனை போட்டார். விடுமுறைக்கு வந்திருக்கும் செல்வதாஸ் அண்ணன் இன்னொரு வேஷம் போட்டு மேடை ஓரத்தில் தயாராக நிற்பார். முதல் காட்சியில் கேலிக் கூவல் கிளம்பினால் திரை விழும். திரும்பத் திறக்கும்போது கேப்டன் அவர்.

அப்படி ஒரு திரை விழுந்தால் அதன்பிறகு இந்த ஊரில் எந்தப் பெண்ணும் அந்த ஹெல்மெட்டைத் தொட முடியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அன்று மைதானத்தில் நிற்க இடமில்லை. தேங்காய்ச் சிரட்டைகளுக்குச் சாயமடித்துக் குமிழ்களாக ஒட்டிய கட்டுப்பாட்டுப் பலகையின் முன்னால் போய் நின்றேன். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. ஹெல்மெட்டுக்குக் கீழே தொங்கிய தலைமுடியைக் கூட்டம் கண்டுகொண்டது. பின்வரிசையில் ஒரு விசில், அப்புறம் ஒரு கூவல். ஓரத்தில் அண்ணாச்சியின் கை திரைக்கயிற்றைப் பிடித்துவிட்டது. பயந்தேன், பொய் சொல்லமாட்டேன்.

ஒவ்வொரு வருடமும் கேப்டனின் முதல் வசனம் ஒன்றுதான். பதினேழு வருடமாக எப்படிச் சொன்னேனோ அப்படியே சொன்னேன்.

“பேச்சிப்பாறையே, எழுந்திரு! பூமி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது!”

மைதானம் அப்படியே அடங்கியது. முன்வரிசையில் ஒரு பெண் குரல் கிளம்பியது.

“ஏட்டி, இது அந்த சத்தம்லா! உள்ள இருந்து எப்பமும் கேக்குமே, அந்தச் சத்தம்!”

“கேப்டனுக்க ஒரிஜினல் சத்தம்லே இது!” என்று யாரோ ஒருவன் கத்தினான்.

கைதட்டல் பின்வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. எந்தக் கேப்டனின் வாயிலிருந்தும் அந்த வசனத்தை அவர்கள் முதலில் கேட்டதில்லை. எல்லா வருடமும் முதலில் கேட்டது என்னிடமிருந்துதான். கூவியவனே இப்போது விசிலடித்தான். அண்ணாச்சி கயிற்றை விட்டுவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஹெல்மெட் இருந்தது நல்லதாகப் போயிற்று.

செல்வதாஸ் அண்ணனால் சும்மா நிற்க முடியவில்லை. வேஷத்துக்குப் போட்டிருந்த கையுறையைக் கழற்றிவிட்டு வசன நோட்டை எடுத்து எனக்கு வசனம் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். நான் கேட்கவேயில்லை. மூன்றாம் காட்சியில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். “எதிரியே, நான் சரணடைகிறேன்!” என்று எதிரியின் வசனத்தை எனக்குக் கொடுக்க, மைக் அதை மைதானம் முழுக்கக் கொண்டுபோனது.

நான் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தேன். “கட்டுப்பாட்டு அறை வாயை மூடட்டும்! இந்தக் கப்பல் யாரிடமும் சரணடையாது!”

சிலுவைதாசன் அண்ணன் எழுதாத வசனம் அது. கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. செல்வதாஸ் அண்ணன் ஓரத்தில் நின்றபடியே எனக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

நாடகம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். “கொள்ளாம் கேட்டியா” என்று பாராட்டினார் அண்ணாச்சி, முகத்தைப் பார்க்காமல். அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டு நாகம்மை மாமி ஒரு பழக்குலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேப்டன் வேஷத்துக்கு வந்த மூன்று பையன்களில் ஒருவன் மாமியின் மகன்.

“ஜோரா இருந்துது மக்கா. ஒனக்கும் இனி விசா வந்துரும். நீ போனப் பொறவு, அடுத்த வருசம் எனக்க மோனுக்குத் தரச் சொல்லு, என்னா?”

ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

“எனக்குப் பாஸ்போர்ட்டே இல்ல மாமி. அடுத்த வருசமும் நான்தான் கேப்டன்.”