கோபினா அர்கோர்ஃபுல்லின் வயதுமேல் கட்டிய சீட்டு

1.

என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்கள்மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. நான்காவது பல் ஒன்று இருந்தது. போன கதையில் பொய் சொன்னதற்காக விழுந்துவிட்டது. ஆகவே இம்முறை ஜாக்கிரதையாக இருக்கிறேன்.

இந்தக் கதை ஒரு சாவுச் சுவரொட்டியில் பிறந்தது. எங்கள் கடற்கரை ஊரான சால்ட்பாண்டில் யாராவது செத்தால் படம் போட்டு, பெயர் போட்டு, பெயரைவிடப் பெரிதாக வயதைப் போட்டு ஊரெல்லாம் ஒட்டுவார்கள். பெயரை உறவுக்காரர்கள் படிப்பார்கள். வயதை ஊரே படிக்கும். படித்துவிட்டு நேராக லாட்டரிக் கடைக்குப் போகும். அழுவதற்கு அப்புறமும் நேரமிருக்கிறது. அந்த எண்ணில் சீட்டுக் கட்ட மாலைவரைதான்.

முதல் வரியை எழுதிப் பார்க்கிறேன்.

"கடல் அன்று ஈயத்தகடு போல..."

வேண்டாம். இந்தக் கரையில் எல்லாக் கதையையும் கடலில்தான் ஆரம்பிக்கிறார்கள். பாதியில் நனைந்து போகிறது. இன்னொன்று:

"கோபினா அர்கோர்ஃபுல் செத்துப்போனான்."

இது பரவாயில்லை. அவனுக்கு இதற்குமேல் அலங்காரம் தேவையில்லை.

(ஓர் எச்சரிக்கை. கோபினாவின் மனைவி அராபா நான் எழுதும்போதே குறுக்கே பேசுவாள். எனக்குப் பக்கத்தில்தான் மீனுக்குப் புகை போட்டுக்கொண்டிருக்கிறாள். கதாபாத்திரத்தைக் காது கேட்கும் தூரத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது முட்டாள்தனம். ஆனால் மதியச் சாப்பாடும் அங்கேதான் கிடைக்கிறது.)

2.

அரசாங்க லாட்டரி ஆடுவது எப்படி என்று தெரியாதவர்களுக்கு.

ஒன்றிலிருந்து தொண்ணூறுவரை எண் போட்ட உருண்டைகள். அவற்றை ஓர் இயந்திரத்தில் போட்டுக் குலுக்குவார்கள். ஐந்து விழும். முதலில் எந்த உருண்டை விழும் என்று சரியாகச் சொன்னால், கட்டியதைப்போல் நாற்பது மடங்கு தருவார்கள். விழுவது தொண்ணூறில் ஒன்று, கிடைப்பது நாற்பது. மிச்சம் ஐம்பது எங்கே என்று கேட்கக்கூடாது. அதில் சாலை போடுகிறார்கள். எங்கள் தெருவுக்கு வந்து பார்த்தால் எவ்வளவு சிக்கனமாகப் போடுகிறார்கள் என்று தெரியும்.

ஐந்து விழுந்தபின் இன்னும் ஐந்து எடுப்பார்கள். இதற்கு 'மெஷின் நம்பர்' என்று பெயர். அதில் உங்கள் எண் வந்தால் ஒரு காசு கிடையாது. பின் எதற்கு எடுக்கிறார்கள்? அடுத்த வாரம் என்ன வரும் என்று நாம் அதை வைத்துக் கணக்குப் போடுவதற்கு. தோற்றவன் வீட்டுக்குப் போய்ச் சும்மா தூங்கிவிடக் கூடாதல்லவா? கையில் ஏதாவது கொடுத்து அனுப்பவேண்டும்.

எண்ணை எங்கே பிடிப்பது? எங்கும். எங்கள் ஊரில் நாய் கடித்தவன் காயத்தைக் கழுவுமுன் நாயின் வயதைக் கேட்பான். லாரி கவிழ்ந்தால் முதலில் ஓடுகிறவன் ஓட்டுநரைத் தூக்க ஓடுவதில்லை, நம்பர் பலகையைப் படிக்க ஓடுகிறான். இதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த ஓட்டுநரே ஊர்ந்து வந்து படித்தான்.

எல்லாவற்றிலும் உசத்தி, சாவு வயது. செத்தவன் இனி யாரையும் ஏமாற்றமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

3.

இப்போது கோபினாவைப் பற்றி. இந்தப் பாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவனை எனக்கு நன்றாகத் தெரியும், அதுதான் சிக்கல். கல்யாணத்தன்று மோதிரம் மாட்டிய கையோடு தேதியைச் சீட்டில் கட்டப் போனவன். அவன் திரும்பி வரும்வரை விருந்தினர்கள் காத்திருந்தார்கள். விருந்துக்கு அவித்த கென்கி, அதாவது சோளமாவு உருண்டைகள், கல்லாகிவிட்டன. வாராவாரம் கட்டினான். வாராவாரம் அவன் எண்ணுக்குப் பக்கத்து எண்ணாகப் பார்த்து விழுந்தது. அராபா மீன் புகைத்துச் சம்பாதித்ததை அவன் இயந்திரத்தின் வாயில் போட்டான். அவனை வாசகர் விரும்பும்படி எழுத ஒரு காரணம் தேடினேன். கிடைக்க

(வாக்கியத்தை முடிக்கவில்லை. அராபா குறுக்கிட்டாள்.)

"செத்தவனப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்த எழுதினா கை உளுந்துடுமா பெரியவரே?"

நல்லதாக என்ன இருக்கிறது, நீயே சொல் என்றேன்.

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். யோசித்தாள். ஒரு வரிசை முழுக்கத் திருப்பி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"அடிச்சதில்ல."

எழுதிக்கொண்டேன்.

4.

கோபினாவுக்கு வயது எழுபத்தாறு. இது அராபாவுக்குத் தெரியும். ஆனால் எங்கள் வழக்கப்படி செத்தவன் மனைவிக்குச் சொந்தமில்லை. அவன் தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். உடலும் அவர்களுடையது, வயதும் அவர்களுடையது. குடும்பத் தலைவர் ஓட்டூ, சுவரொட்டியில் தொண்ணூற்றேழு என்று போடச் சொன்னார். வயது ஏற ஏற குடும்பத்துக்குக் கௌரவம். எல்லாரும் வெள்ளைத்துணி கட்டிக்கொண்டு வரலாம், சாவு கல்யாணம் மாதிரி இருக்கும்.

ஊர் கொதித்தது. தொண்ணூற்றேழை எப்படிச் சீட்டில் கட்டுவது? தொண்ணூறுக்குமேல் உருண்டை இல்லையே.

ஒரு தூதுக்குழு கிளம்பியது. முன்னால் டாக்டர். அவர் பெயர் ஈபோ குவைகோ. லாட்டரிக் கடை வாசலில் கரும்பலகை வைத்து, எந்த எண் வரும் என்று சாக்பீஸால் கணித்துச் சொல்கிறவர். எதையும் குணப்படுத்தியதில்லை, ஆனாலும் டாக்டர். பின்னால் தையற்காரர்கள், வலைக்காரர்கள், சபைப் பாடகர் குழுவில் பாதி. கையில் ரெண்டு ஜின் புட்டி. பேச்சு மீன்சந்தை பாணியில் நடந்தது.

"மாமா, அரசாங்கமே தொண்ணூறோட நிறுத்திடுச்சு. நீங்க தாண்டிப் போனா எப்படி?"

"அரசாங்கம் நிறுத்தினா எங்க வீட்டு ஆளு வாழுறதையும் நிறுத்திக்கணுமா?"

"எண்பது போடுங்க. மரியாதையான வயசு."

"எண்பதா? பச்சக் குழந்தை. தொண்ணூத்தஞ்சு."

"எம்பத்தொம்பது மாமா. போன வாரம் மெஷின்ல வந்த நம்பர். கோபினாவே வழி காட்டுறாப்ல."

ரெண்டாவது புட்டி திறந்தது. ஓட்டூ பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

கதவோரம் நின்ற அராபா மெதுவாகச் சொன்னாள்: "அவருக்கு எழுவத்தாறு."

"கட்டிக்கிட்டு வந்தவளுக்கு எங்க வூட்டு வயசு என்ன தெரியும்?" என்றார் ஓட்டூ.

எண்பத்தொன்பது அச்சாகியது. ஊர் முழுக்கக் கட்டியது. பாதிரியார் கட்டவில்லை என்று நான் எழுதவேண்டுமாம். சரி. பாதிரியார் கட்டவில்லை. அவருடைய சமையற்காரி இரண்டு சீட்டு கட்டினாள்.

5.

கதை இங்கே நின்றிருந்தால் நகைச்சுவை. நிற்கவில்லை.

சவப்பெட்டி மனைவியின் பொறுப்பு. பெட்டி வரும்வரை உடல் ஆஸ்பத்திரிக் குளிர் அறையில். குளிர் அறைக்கு நாள்வாடகை. அராபா சாதாரணப் பலகைப் பெட்டிக்குப் பணம் சேர்த்து வைத்திருந்தாள். எழுபத்தாறு வயது சோம்பேறிக்கு அது போதும். தச்சன் அளவெடுக்கக்கூடத் தயாராகிவிட்டான்.

ஓட்டூ மறுத்தார். எண்பத்தொன்பது வயது வாழ்ந்த பெரியவரைப் பலகையில் வைத்து எடுத்தால் குடும்பம் எந்த முகத்தோடு நடப்பது? பித்தளைப் பிடி வேண்டும், உள்ளே வெள்ளைப் பட்டு வேண்டும், முகம் தெரியக் கண்ணாடி வேண்டும். அதுவரை உடலை எடுக்கவிடமாட்டோம்.

யாரோ பேரம் பேசி ஏற்றிய பதின்மூன்று வயதுக்கு அராபா பித்தளைப் பிடி வாங்கவேண்டும்.*

* உயிரோடிருந்தபோது கோபினா அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு இது பொருத்தமான தொடர்ச்சி. செத்தும் செலவு வைத்தான். இந்த அடிக்குறிப்பை நீக்கச் சொல்கிறாள். நீக்கமாட்டேன்.

சனிக்கிழமை அவள் பலகைப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு லாட்டரிக் கடைக்கு நடந்தாள். வாழ்நாளில் முதல் தடவை. கடைக்காரி எண்பத்தொன்பதுதானே அக்கா என்று கேட்காமலே எழுதப்போனாள்.

"எழுவத்தாறு," என்றாள் அராபா. "மொதல்ல விழுறதுக்கு. எல்லாப் பணமும்."

வரிசையில் நின்றவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். பாவம், துக்கத்தில் புருஷன் வயதே மறந்துவிட்டது.

6.

முடிவுகள். எது வேண்டுமோ பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது. எண்பத்தொன்பது விழுகிறது. ஊரே ஜெயிக்கிறது. டாக்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார்கள். ஒருவரும் அராபாவுக்குப் பித்தளைப் பிடி வாங்கித் தரவில்லை. ஜெயம் அவரவருடையது, தோற்றிருந்தால்தான் அது ஊர்ப்பொதுத் துக்கம். கோபினா குளிரில் கிடக்கிறான், வாழ்நாளில் முதல்முறை சரியான எண்ணாக.

இரண்டாவது. எழுபத்தாறு விழுகிறது. நாற்பது மடங்கு. அராபா பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஓட்டூ வந்து நிற்கிறார். "சீட்டு உன்னுது, சரி. வயசு யாருது? எங்க வூட்டு வயசுல வந்த பணம் எங்க வூட்டுக்குத்தான்." எழுபத்தாறு என்பதை அப்போதுதான் குடும்பம் ஒப்புக்கொள்கிறது.

மூன்றாவது. எழுபத்தாறு விழுகிறது, இரண்டாவது ஐந்தில். ஒரு காசு இல்லை. டாக்டர் கரும்பலகையிலிருந்து திரும்பி ஆறுதல் சொல்கிறார்: "நல்ல சகுனம் அக்கா. மெஷின்ல வந்தா அடுத்த வாரம் வந்தே தீரும். இன்னொரு வாரம் மட்டும் அவர அங்கயே வச்சிருங்க."

நான்காவதாக ஒன்று எழுத ஆரம்பித்தேன். அதில் எல்லாரும் சேர்ந்து

இல்லை. என் மூன்று பற்களும் ஆடுகின்றன.

7.

மூன்று முடிவையும் அராபாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாவதுதான் உண்மையில் நடப்பது, அதையே வைக்கப்போகிறேன் என்றேன். புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகைக்கு மட்டும்தான் அவள் கண் கலங்கும்.

"மூணும் தப்பு," என்றாள். "நான் கட்டவே மாட்டேன்."

அப்படியானால் கதை கிடையாது என்றேன்.

"கிடையாதுன்னா போகட்டும். பலகை போன மழைக்கு முந்தியே வாங்கியாச்சு. அடுப்புக்குப் பின்னால சாத்தி வச்சிருக்கேன், புகை பட்டா கரையான் அரிக்காது. நீங்க பாக்கலயா பெரியவரே? நெதம் அதுலதான சாஞ்சுக்கிட்டு எழுதுறீங்க."

திரும்பிப் பார்த்தேன். நல்ல பலகை. என் முதுகின் அகலத்துக்குச் சரியாக இருந்தது.

ஆகவே முடிவை வாசகரிடம் விடுகிறேன். ஒன்றிலிருந்து தொண்ணூறுக்குள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்; எதை எழுதினாலும் மிச்சம் ஐம்பது அரசாங்கத்துக்குத்தான்.

சனிக்கிழமை முதலில் விழுந்த எண்: ........

நான் சத்தியம் செய்திருப்பதால் ஒன்று மட்டும் சொல்லவேண்டும். கோபினா அர்கோர்ஃபுல் இன்னும் சாகவில்லை. இதை எழுதும் கை அவனுடையது.