சீராக வந்த இன்ஜின்

எங்கள் ரேஸ் வண்டியின் உடம்பு திண்டுக்கல்லில் ஒரு வெங்காயக் குடோனில் கிடந்தது. அதன் இன்ஜின் சின்னாளபட்டியில் ஒரு மாட்டுக் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நடுவில் நான், அன்புக்கரசி. வண்டி ஓட்டத் தெரிந்தவள், ஓட்ட வண்டி இல்லாதவள்.

குடோன் ராயப்பராஜுடையது, கொட்டகை கிறிஸ்துராஜுடையது. ராயப்பராஜ் கட்டியிருப்பது கிறிஸ்துராஜின் அக்கா அன்னாளை. மச்சானும் மாப்பிள்ளையும் பல வருஷம் ஒன்றாக வெங்காய மண்டி நடத்தியவர்கள். என் அப்பா அந்த மண்டியில் டெம்போ ஓட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் அந்த டெம்போவை மூட்டைகளுக்கு நடுவே பின்பக்கமாக ஓட்டி நிறுத்துவேன். அதைப் பார்த்துத்தான் பெரிய முதலாளி ராயப்பராஜும் சின்ன முதலாளி கிறிஸ்துராஜும் என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் முதல்முறை ரேஸ் தடத்தில் இறக்கினார்கள். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. மறக்க அவர்களும் விடவில்லை.

இருவருக்கும் ரேஸ் கிறுக்குப் பிடித்தது பையன்களாக இருந்தபோது. வெங்காய லாரியில் சென்னைக்குப் போய், அங்கிருந்து சோழவரம் போயிருக்கிறார்கள். பழைய விமான ஓடுபாதையில் ரேஸ். கூரையில்லாமல், நாலு சக்கரமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வண்டிகளை அன்றுதான் முதலில் பார்த்தார்களாம். கடைசிச் சுற்றில் ஒரு சிவப்பு வண்டியும் ஒரு மஞ்சள் வண்டியும் முன்னே பின்னே வந்தன. சிவப்பு ஜெயித்தது, மஞ்சள் புகைந்து நின்றுபோனது என்பார் பெரியவர். மஞ்சள்தான் ஜெயித்தது, புகைந்தது சிவப்பு என்று சின்னவர் மாதா மேல் சத்தியம் செய்வார். ஒரே துண்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்த ரேஸ் அது.

"வெங்காயத்துல நட்டம் வந்தாக்கூடச் சிரிச்சுப் பேசுவாக. இந்தப் பேச்செடுத்தா மட்டும் சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுருவாக" என்பார் அன்னாள் அம்மா.

பிரிவு வந்தது செலவால். டயர் விலை ஏறியது, நுழைவுக் கட்டணம் ஏறியது, வண்டியைக் கோயம்புத்தூர் கொண்டுபோய்த் திரும்பும் வாடகைகூட ஏறியது. ஒரு வருஷம் நிறுத்தி வைக்கலாம் என்றார் பெரியவர். "சிவப்புக் கட்சிக்கு எப்பவும் பாதியிலதான மூச்சு முட்டும்" என்று ஒரு வார்த்தை விட்டார் சின்னவர். அந்த ஒரு வார்த்தையில் மண்டி இரண்டாயிற்று. லாரி, தராசு, கடைப்பெயர் எல்லாவற்றுக்கும் ஒரு வழி கிடைத்தது, ரேஸ் வண்டிக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் சொந்தக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க, மெக்கானிக் அருண்பாண்டி வண்டியிலிருந்து இன்ஜினைக் கழற்றினார். உடம்பு பெரியவருக்கு, இன்ஜின் சின்னவருக்கு. இப்படி ஒரு பாகப்பிரிவினையை யாராவது கேள்விப்பட்டதுண்டா?

வேறு இன்ஜின் மாட்டிக்கொள்ளலாம்தானே என்று கேட்பீர்கள். ரேஸ் நடத்துகிறவர்கள் சீல் வைத்துக் கொடுத்த இன்ஜினை மட்டுமே மாட்டலாம். அதன் விலை மூன்று வருஷத்தில் மூன்று மடங்கு. வேறு ஆளின் வண்டியை ஓட்டலாம்தானே? அதற்கும் வழியில்லை. நான் போட்ட ஒப்பந்தப்படி, முதலாளிகளின் வண்டி ஓடும் நிலையில் இருக்கும்வரை இரண்டு பேர் கையெழுத்தும் இல்லாமல் நான் இன்னொரு வண்டியைத் தொடக் கூடாது. இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. இன்ஜின் ஒரு ஊரிலும் உடம்பு ஒரு ஊரிலும் கிடக்கிறதே என்றால், "ரெண்டும் நல்லாத்தான இருக்கு" என்று இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னார்கள்.

வருஷத்தின் கடைசி ரேஸ் ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில். பிரிவுக்கு முன்னால் ஓடிய ரேஸ்களிலேயே சேர்த்து வைத்த புள்ளிகளால் நான் இன்னும் இரண்டாம் இடத்தில் இருந்தேன். முதலிடம் பிடிப்பவருக்கு அடுத்த வருஷம் முழுக்க ஒரு பைசா கட்டாமல் மேல்நிலைப் பந்தயத்தில் வண்டி கிடைக்கும். எனக்கு வயது இருபத்து நாலு. டெம்போக்காரர் மகளுக்கு அப்படி ஒரு கதவு இரண்டாவது தடவை திறக்காது. தகுதிச் சுற்று ஓடாமலேயே கடைசி வரிசையிலிருந்து கிளம்புகிறேன் என்று கெஞ்சி அனுமதி வாங்கி வைத்திருந்தேன். இனி வண்டி மட்டும்தான் வேண்டும்.

அடுத்த நாள், திங்கட்கிழமை, பெரியவர் மகள் சுகன்யாவுக்குக் கல்யாணம். அதில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. சின்னாளபட்டிக்குக் கிளம்பிப் போனேன்.

"சின்ன மொதலாளி, சுகன்யாவுக்கு என்ன சீர் கொண்டு போறீக?"

"அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் பாப்பா."

"தாய்மாமன் சீர் இல்லாமப் பிள்ளை கோயிலுக்குப் போனா ஊரு உங்களைத்தான் பேசும்."

அவர் தாடியைச் சொறிந்தார். நான் தார்ப்பாய்ப் பக்கம் கண்ணைக் காட்டினேன். "கட்டில் பீரோ எல்லாரும்தான் கொடுக்குறாக. தாய்மாமன் ரேஸ் இன்ஜின் சீர் கொண்டு வந்தான்னு எங்கயாச்சும் கேட்டிருக்கீகளா?"

"கொடுத்தா நான் எறங்கிப்போன மாதிரி ஆயிருமே?"

"சீரை உக்காந்துக்கிட்டு வாங்க முடியாதுல்ல மொதலாளி? பெரியவர் எந்திரிச்சு வாசலுக்கு வந்து, ரெண்டு கையையும் நீட்டித்தான் வாங்கணும்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பஸ்ஸில் திரும்பி வரும்போது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வந்தேன். ஆள் என்றால் நான்தான் ஆள்!

சனிக்கிழமை காலை சீர் வந்தது. முன்னால் பேண்டு வாத்தியம். பெண்கள் கையில் பழத்தட்டு, வளையல் தட்டு, சுங்குடிச் சேலை அடுக்கிய தட்டு. அவர்களுக்குப் பின்னால் ஒரு குட்டியானை வண்டி ஊர்ந்து வந்தது. அதில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த இன்ஜின், நிலக்கோட்டை ரோஜா மாலையோடு. தெருவே கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்தது. பெரியவர் எழுந்து வந்தார், இரண்டு கையையும் நீட்டினார். "பிடிங்க மச்சான்" என்றார் சின்னவர். இன்ஜினைப் பிடிக்க வந்த கை சின்னவரைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். நானும் அழுதேன், பொய் இல்லை.

சாயங்காலத்துக்குள் அருண்பாண்டி வீட்டை ஒட்டிய குடோனில் வைத்து இன்ஜினைப் பூட்டிவிட்டார். நான் உள்ளே உட்கார்ந்து முடுக்கியதும் பந்தல் தகரம் அதிர்ந்தது. சமையல்காரர்கள் கரண்டியோடு வெளியே ஓடி வந்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டு எத்தனை மாதம் ஆகிவிட்டது! அணைக்க மனமில்லாமல் அணைத்தேன்.

"அருண்பாண்டி அண்ணே, டெம்போவைப் பின்னால எடுங்க. இப்ப ஏத்துனாத்தான் நடுராத்திரிக்குள்ள போய்ச் சேரலாம்" என்றேன்.

அன்னாள் அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார். "எங்க ஏத்துற?"

"நாளைக்கு ரேஸும்மா."

"சீரா வந்த பொருளைக் கல்யாணம் முடியாம வாசல் தாண்ட விடுவாகளா? பிள்ளைக்கு ஆகாது தாயி. திங்கக்கிழமை தாலி ஏறட்டும், அப்புறம் எங்க வேணாலும் கொண்டு போ."

நான் முதலாளிகளைப் பார்த்தேன். பெரியவர் செருப்பைப் பார்த்தார். "அன்னா சொல்றதும் சரிதான்" என்றார். "அக்கா சொன்னாச் சொன்னதுதான்" என்றார் சின்னவர். பல மாதமாக எதிலுமே ஒத்துப்போகாத இரண்டு பேர் அந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

கோயம்புத்தூர் அணியின் மேலாளர் தமிழ்நிலாவுக்கு போன் போட்டேன். "எங்க வண்டி ஒண்ணு சும்மாதானுங்க நிக்குது, வந்து ஓட்டுங்க. ஆனா அந்த ரெண்டு பேர் கையெழுத்தும் வேணுமுங்களே" என்றார். ஒரே ஒரு நாளுக்குக் கையெழுத்துப் போடுங்கள் என்று முதலாளிகளிடம் போய் நின்றேன்.

"நம்ம வண்டி கல்லு மாதிரி இங்க நிக்கையில அடுத்தவன் வண்டி எதுக்கு?" பெரியவருக்கு உண்மையிலேயே மனசு வலித்துவிட்டது. "ஒரு ரேஸ்தான பாப்பா. இனி நாங்க ரெண்டு பேரும் சேந்துட்டம்ல? இன்னும் எத்தனை வருஷமானாலும் நீ நம்ம வண்டியைத்தான் ஓட்டப் போற."

அவர் அதை ஆசையாகச் சொன்னார்.

"வண்டி வெளிய போனா சுகன்யாவுக்கு ஆகாது. போகலைன்னா எனக்கு ஆகுமா?" என்று கத்தினேன்.

"உனக்கென்ன, நல்லாத்தான இருக்க" என்றார் அன்னாள் அம்மா. காப்பி குடிக்கிறாயா என்றும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் குடோனில், வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கைபேசியில் ரேஸ் பார்த்தேன். சுற்றிலும் வெங்காய மூட்டை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் வரிசையாக வந்து என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள், கட்டை விரலைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். முதலிடத்தில் இருந்தவன் அன்றைக்கு ஐந்தாவதாகத்தான் வந்தான். நான் இல்லாததால் அதுவே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

சுகன்யா மருதாணிக் கையை விரித்து வைத்துக்கொண்டு வந்து பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தாள். "நான் சொல்லிப் பாத்தேன்க்கா. என் பேச்சை இந்த வீட்ல யாரு கேக்குறா? மாப்பிள்ளையவே ஒருக்காத்தான் கண்ணுல காட்டுனாக." அவள்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமை தாலி ஏறியது. கோயிலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம். பொண்ணு மாப்பிள்ளை பின்னால் காரில், அவர்களுக்கு முன்னால் ரேஸ் வண்டி. ஹெல்மெட்டோடு நான்தான் ஓட்ட வேண்டும் என்பது சின்ன முதலாளியின் ஆசை. பெரியவர் இடப்பக்கம் நடந்தார், சின்னவர் வலப்பக்கம். இருவரும் வண்டியின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு கும்பிட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டினார்கள்.

ரேஸ் வண்டிக்குக் காற்றாடி கிடையாது. வேகமாகப் போனால் காற்று தானாக உள்ளே வந்து இன்ஜினைக் குளிரவைக்கும். நடை வேகத்தில் போனால் வெந்துபோகும். பாதி தூரத்தில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. "மொதலாளி, சூடாகுது. அணைச்சிட்டுத் தள்ளுவோம்" என்றேன்.

"செத்த நேரம் பொறு பாப்பா. வீடியோக்காரன் முன்னால போய் நிக்கிறான்" என்றார் சின்னவர். "மெதுவாப் போ, இன்னும் மெதுவா."

இரண்டாவது தடவை நான் சொல்லவில்லை. அணைக்கும் பொத்தான் என் கட்டை விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஓடும் நிலையில் இருக்கும்வரை என்றுதானே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது! நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதுகில் சூடு ஏறியது. என்னை எத்தனையோ தடவை முதலாவதாகக் கொண்டுவந்து சேர்த்த இன்ஜின் அது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்தாலும் என் கால் மிதியிலிருந்து எழவில்லை. வெள்ளையாக ஆவி கிளம்பியது, டக் டக்கென்று இரும்பு மோதும் சத்தம் கேட்டது, பிறகு மொத்தமாக இறுகி நின்றுபோனது.

பேண்டு வாத்தியமும் நின்றது. அருண்பாண்டி குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "முடிஞ்சு போச்சு. இனி இது பழைய இரும்புதான்."

பிறகு பெரியவர் வாய்க்குள்ளேயே சிரித்தார். "அன்னைக்குச் சோழவரத்துல உன் மஞ்ச வண்டியும் இப்படித்தான் மாப்ள புகைஞ்சு நின்னுச்சு."

சின்னவர் வண்டியிலிருந்து கையை எடுத்தார். "இன்ஜின் என் கொட்டகையில சும்மா இருந்தவரைக்கும் தங்கமாத்தான் இருந்துச்சு. உங்க ஓட்டை உடம்புல கொண்டு வந்து மாட்டுனதுதான் தப்பு. அன்னைக்கு நின்னது சிவப்பு!"

"மஞ்ச!"

"சிவப்பு!"

பின்னால் காரிலிருந்து அன்னாள் அம்மா இறங்கி ஓடி வந்தார். அதற்குள் இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "நீ சொல்லு பாப்பா. தப்பு இன்ஜின்லயா, உடம்புலயா?"

இந்த வண்டியில் ஸ்டியரிங்கைக் கழற்றினால்தான் ஆள் வெளியே வர முடியும். கழற்றினேன். எழுந்து நின்று, அதை இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

"அதை நீங்களே பேசி முடிச்சுக்கங்க மொதலாளி. நான் எறங்கிக்கிறேன்."

நடுரோட்டில் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன். போட்டிருந்த ஹெல்மெட் ஒன்றுதான் எனக்குச் சொந்தம். உள்ளே அழுதுகொண்டிருந்ததை யாரும் பார்க்க வேண்டாம் என்று அதைக் கழற்றாமலேயே கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறினேன்.