சிவப்புப் பேனா

மாவட்டக் குழுவுக்குப் போட்டியிட்ட கார்லன் ஹூசெத் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பே ஊரெல்லாம் பேனா கொடுக்கத் தொடங்கிவிட்டார். கட்சி நிறம் சிவப்பு, மையும் சிவப்பு. "அரசாங்கப் பேனாவ நம்பாதீங்க! உங்க ஓட்ட இதுல போடுங்க!" என்று முழங்கினார். வாய்க்கென்ன, வாடகையா?

எங்கள் வாக்குச்சாவடி தேவாலயத்தின் நிலவறையில். வாக்குச்சீட்டு எண்ணும் எந்திரத்தருகே உதவியாளாக நான். எல்லாவற்றுக்கும் பொறுப்பு மார்லிஸ், மாவட்டக் குழு நியமித்த தேர்தல் அலுவலர். 'கறுப்பு மை மட்டும்' என்று வாசலிலேயே ஒட்டியிருந்தாள். அந்தப் பழைய எந்திரம் சிவப்பு வெளிச்சத்தில் பார்ப்பது. சீட்டில் வேட்பாளர் பெயருக்கு எதிரே உள்ள வட்டத்தைச் சிவப்பு மையால் எவ்வளவு அழுத்தி நிரப்பினாலும் அதன் கண்ணுக்கு வெற்றுத்தாள்தான்.

தேர்தலன்று காலையிலேயே எந்திரம் சிவப்பு மைச் சீட்டுகளைத் திருப்பித் துப்பியது. திரையில் 'வெற்றுச் சீட்டு'.

"வேற சீட்டு தர்றேன், கறுப்புல போடுங்க" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள் மார்லிஸ்.

ஓட்டுப் போட வந்த கார்லன் பாய்ந்தார். "பாத்தீங்களா திருட்ட! புதுச் சீட்டு வாங்காதீங்கப்பா, மெஷின்ல 'ஏற்றுக்கொள்'னு பட்டன் இருக்குல்ல, அத அமுக்குங்க!" தன் சீட்டையும் அப்படியே உள்ளே தள்ளினார்.

"கார்லன், அத வெத்துச் சீட்டாத்தான் எண்ணும்" என்றாள் மார்லிஸ்.

"மெஷினும் அதத்தான் சொல்லுது, நீயும் அதத்தான் சொல்ற. கூட்டுக் களவாணிங்க!"

வரிசையில் நின்ற பால்பண்ணைக்காரர் ஆர்வில் காபியை உறிஞ்சியபடி சொன்னார்: "யோவ், உன் பேனாவும் உன்ன மாதிரிதான்யா. அழுத்துற அழுத்துல மேச ஆடுது, பேப்பர்ல ஒண்ணும் விழல."

சிவப்பு மைக்காரர்கள் தலைவர் சொன்னபடியே அமுக்கினார்கள். தலைவர் தோற்றார். உடனே, கையால் எண்ண வேண்டும் என்று கூச்சல்.

எண்ணினார்கள். மனிதக் கண்ணுக்குச் சிவப்பு தெரியுமே! ஒவ்வொரு சிவப்பு வட்டத்தையும் மார்லிஸ்தான் உரக்கப் படித்தாள்: "ஹூசெத்... ஹூசெத்..." தொண்டை கட்டியது; ஒன்றைக்கூட விடவில்லை. கார்லன் ஜெயித்துவிட்டார்.

அந்த உத்தமர் மாவட்டக் குழுவில் கொண்டுவந்த முதல் தீர்மானம்: எந்திரத்தைக் குப்பையில் போடு, மார்லிஸை வீட்டுக்கு அனுப்பு.

"மெஷின் திருடுனத மனுசன் கை கண்டுபிடிச்சுது!" என்றார் மேசையைத் தட்டி.

"அது என் கைதான், கார்லன்."

"அதனாலதான் உன்ன வச்சிருக்க முடியாது. எண்ணத் தெரிஞ்சவ, அடுத்த தடவ மாத்தியும் எண்ணுவ."

குழு கைதட்டியது. ஒருவர்கூட வெட்கப்படவில்லை.

ராஜினாமாக் கடிதத்தையும் ஒரு சிவப்புப் பேனாவையும் அவள் முன் தள்ளினார். மார்லிஸ் தன் கறுப்புப் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டாள். பிறகு அவருடையதை எடுத்து, அவர் முகத்துக்கு நேரே இரண்டாக ஒடித்தாள்.

மை அவர் வெள்ளைச் சட்டை முழுக்கத் தெறித்தது. அதைப் படிக்க எந்திரம் தேவைப்படவில்லை.