நாச்சியம்மாளின் ஸ்ட்ரெச் பேண்ட்

நாச்சியம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயதில் இரண்டு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறாவது வாரம், நடைப் பயிற்சி கொடுக்கக் கோவை வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் ரூத், அவள் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறுவதைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"கொசுவம் காலைத் தட்டுதுங்கம்மா. இழுத்தா நீள்ற பேண்ட் ஒண்ணு போட்டுக்குங்க. உங்க பையன் கம்பெனியிலயே அதுதானுங்களே தைக்கறாங்க?"

மகன் மனோஜ்குமாருக்கு அவிநாசியில் பின்னலாடை நிறுவனம். லைக்ரா கலந்த பெண்கள் பேண்ட்டுகள் அங்கிருந்து வெளிநாடுகளுக்குப் போகின்றன. மருமகள் வர்ஷினி கறுப்பு நிறத்தில் இரண்டும், முழங்கால் வரை தொங்கும் இரண்டு டாப்ஸும் கொண்டுவந்து கொடுத்தாள்.

நாச்சியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். துணி காலோடு கூடவே வந்தது. எதையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

"இத்தன வருசம் இது தெரியாமப் போச்சே அம்மணி!" என்று வர்ஷினியிடம் சிரித்தாள். கணவர் பாலுசாமி போனபிறகு அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. பத்தே நாளில் தெருமுனைப் பூங்காவை நான்கு சுற்று சுற்றி வந்தாள்.

அங்கேதான் பங்காளி தம்பிதுரை அவளைப் பார்த்தார். அன்று சாயங்காலம் மனோஜ்குமார் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று பேசினான்.

"சித்தப்பா போன் பண்ணுனாருங்கம்மா. 'அப்பன் போயி வருசம் திரும்பல, உங்கம்மா என்ன இந்தக் கோலத்துல?'ன்னு கேக்கறாரு. நான் என்னங்க சொல்றது?"

"டாக்டரம்மா சொன்னாங்கன்னு சொல்லு கண்ணு."

"ஒவ்வொருத்தருக்கா அதைச் சொல்லீட்டிருக்க முடியுங்களா? வேண்டாமுங்க, சீலையே கட்டுங்க."

"நம்ம கம்பெனியில..." என்று வர்ஷினி ஆரம்பித்தாள். அவன் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

நாச்சியம்மாள் வாதாடவில்லை. பேண்ட்டுகளைத் துவைத்து மடித்து வர்ஷினியின் அலமாரியில் வைத்துவிட்டாள். பூங்காவுக்குப் போவதும் நின்றது.

எட்டாம் நாள் காலை, மாடியில் துணி காயப்போட்டு இறங்கும்போது கொசுவம் காலில் மாட்டியது. நான்கு படி உருண்டாள். இடுப்பெலும்பு முறிந்தது. இனிமேல் துணையில்லாமல் நடப்பது சிரமம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் பையோடு வந்தார் தம்பிதுரை. மனோஜ்குமார் அவரிடம் அலுத்துக்கொண்டான்.

"சொன்னா எங்கீங்க கேக்கறாங்க சித்தப்பா? மாடிக்குப் போகாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

படுத்திருந்த நாச்சியம்மாள் மூடிய கண்ணைத் திறந்தாள்.

"கேட்டேனே சாமி. நீ சொன்னதக் கேட்டுத்தான் சீலை கட்டுனேன். கட்டித்தான் உளுந்துபோட்டேன்."

"எல்லாம் நேரமுங்க அண்ணி" என்று சொல்லிக்கொண்டே தம்பிதுரை எழுந்தார். அவரை வழியனுப்பும் சாக்கில் மனோஜ்குமாரும் வெளியே போய்விட்டான்.

நான்கு மாதம் ஆகிறது. கட்டிலிலிருந்து குளியலறை வரை வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய் வருவதுதான் அவளுடைய நடை. கம்பெனிக்குக் கிளம்புமுன் மனோஜ்குமார் தினமும் அறை வாசலில் வந்து நிற்கிறான்.

"பரவாயில்லீங்களாம்மா?"

"பரவாயில்லையாம்னு சொல்லு அம்மணி" என்கிறாள் நாச்சியம்மாள், அவன் பக்கம் திரும்பாமல், வர்ஷினியைப் பார்த்து.