செலீன் வாசித்த வரலாறு

விட்பி கோடை நாடக மன்றத்துக்கு இது பதினோராவது கோடை. மன்றத்தின் ஒரே நாடகத்தில் செலீன்தான் மகாராணி. மகாராணி வருவது கடைசிக் காட்சியில். அந்தக் காட்சியை இன்றுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

இதில் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. ஆறு மணிக்கு என்று நோட்டீஸ் போட்டால் சனம் ஏழுக்கு வரும். பிறகு வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, பொன்னாடை; பொன்னாடை போர்த்தியவருக்குத் திருப்பி ஒரு பொன்னாடை. ராசா மேடைக்கு வர எட்டு மணி தாண்டிவிடும். நாடகம் நடக்கும் பூங்காவிலோ ஒன்பதுக்குமேல் மைக் கூடாது. ராசா சிறையில் கிடந்து, "என்னைக் காப்பாற்ற யாருமில்லையா?" என்று அலறும்போது மைக் நின்றுவிடும். காப்பாற்ற வேண்டிய ராணி மேடைக்குப் பின்னால் கிரீடத்தோடு, கடிக்க வரும் நுளம்பு அடித்துக்கொண்டு நிற்பாள்.

"அடுத்த கோடையிலை பாப்பம், தங்கச்சி" என்பார் கிறிஸ்துநாயகம். தலைவரும் அவர்தான், இயக்குநரும் அவர்தான், ராசாவும் அவர்தான். பத்து வருடமாக இதே வசனம். செலீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த முறையும் மேடை ஏறாவிட்டால் கிரீடத்தைக் குப்பையில் போடுவது என்று முடிவுகட்டியிருந்தாள்.

வாய்ப்பைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரேதான். "தங்கச்சி, இந்த முறை மன்ற வரலாற்றை நீங்கள் வாசியுங்கோ. அஞ்சு நிமிசம் காணும்."

"ஓம், அண்ணை" என்றாள், ஒன்றும் அறியாதவள்போல.

எட்டு மணிக்குக் கிரீடத்தோடு மேடை ஏறினாள். "எங்கடை மன்றத்தின்ரை வரலாறு சின்னது. பத்துக் கோடை, ஒரு நாடகம், நடக்காத ஒரு காட்சி. அந்தக் காட்சி இதுதான்!" என்று தொடங்கிவிட்டாள். ராணியாகச் சீறினாள், மந்திரியாகவும் தானே மாறிக் காலில் விழுந்தாள்.

பத்தாவது நிமிடம் 'சுருக்கவும்' என்று எழுதிய துண்டுக் கடதாசி வந்தது. பேசுகிறவருக்குத் துண்டு அனுப்பலாம், இடையில் நிறுத்தத்தான் கூடாது. அது கிறிஸ்துநாயகமே கட்டிக்காத்த மரியாதை. துண்டு வந்தால் என்ன செய்வதென்பதையும் அவள் அவரைப் பார்த்தே படித்திருந்தாள்.

"நேரம் போதாதெண்டு துண்டு வந்திருக்கு. ஆகையால் சுருக்கமாய்..." என்று சொல்லிவிட்டு இன்னும் நாற்பது நிமிடம் பிடித்தாள். இரண்டாவது துண்டுக்கு நன்றி சொன்னாள். மூன்றாவதை எதிரி அரசன் அனுப்பிய ஓலை என்று உரக்க வாசித்து, கிழித்து எறிந்தாள். சனம் எழும்பி நின்று விசிலடித்தது. செலீனுக்குச் சந்தோசத்தில் அழுகையே வந்துவிட்டது.

ஒன்பதாயிற்று. மைக் நின்றது.

மேடைக்குப் பின்னால் கிறிஸ்துநாயகம் ராசா உடுப்பில், ஒட்டுமீசை ஒரு பக்கம் கழன்று தொங்க, நுளம்பு அடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, அப்ப நான்?"

செலீன் கிரீடத்தைக் கழற்றிப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அடுத்த கோடையிலை பாப்பம், அண்ணை."