மணிகளின் உச்சியை நறுக்கியவன்

“நாம என்ன வௌவாலுக்கா ஆல்பம் போடறோம்? மனுஷன் காதுக்கு எட்டாததை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?” என்று அவன் கத்த, “அது என் மணியோட சத்தம் அத்தான். வெட்டறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்ல?” என்று அவள் எகிற, சுவருக்கு இந்தப் பக்கம் நான் அடுப்பை அணைத்துவிட்டேன். இந்த நேரம் பார்த்துக் குக்கர் விசிலடித்தால் பாதி வசனம் போய்விடும்.

அவன் அடுத்த வீட்டு ஒலிப்பதிவுக்காரன், முன்னறையையே ஸ்டுடியோவாக்கியவன். அவள் அவனுடைய மாமன் மகள், அவனுக்கே கல்யாணம் நிச்சயமானவள். வெண்கல மணிகளை வரிசையாகத் தொங்கவிட்டு வாசிப்பாள். ஒவ்வொன்றும் வார்ப்புப் பட்டறைகளில் தட்டித் தட்டிப் பார்த்துச் சேர்த்தது. இது அவளுடைய முதல் ஆல்பம். மாப்பிள்ளைத் துரையோ அதிலிருந்த, காதுக்கு எட்டாத உச்ச சுருதி ஒலிகளைக் கழித்துச் ‘சுத்தம்’ செய்துவிட்டார். மணி செத்துக் கிடக்கிறது என்று அவள் சொன்னால், எல்லாம் பிரமையாம்.

ஏணி வாங்குகிற சாக்கில் உள்ளே போனேன். அவனைப் பெற்றவள் அதற்குள் நியாயம் பேச உட்கார்ந்திருந்தாள். ஒரு பாட்டு மட்டும் வெட்டியதும் வெட்டாததுமாகக் கணினியில் இருந்தது. மகன் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும், தான் மாற்றி மாற்றிப் போடுவேன், எது சுத்தம் செய்தது என்று அவனே சொல்லட்டும் என்றாள்.

துண்டைக் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்தான். எப்படி மாற்றிப் போட்டாலும் ஒன்றையே காட்டினான்.

“இதுதாம்மா என்னுது. தனியா எதுவும் கேக்கல. ஆனா இதமா இருக்கு, மணி பக்கத்துல தொங்கற மாதிரி.”

திரையைப் பார்த்த தாயின் முகம் சுருங்கியது. அவன் காட்டியது வெட்டாததை.

வெட்கப்பட்டானா? ஸ்பீக்கரைக் குறை சொன்னான், பிறகு துண்டை. மணிக்காரி அதையும் பொறுத்து, மற்ற பாட்டுகளையும் வெட்டாமலே வெளியிடச் சொன்னாள். அப்போதுதான் மென்று விழுங்கினான். இடத்தை அடைக்கிறதென்று மூலப்பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டானாம். இந்த ஒன்று மறதியில் தங்கியதாம். எனக்கே ரத்தம் கொதித்தது. துவைக்கக் கொடுத்த சட்டையின் உள்பையை நறுக்கிவிட்டு, உள்பை யார் கண்ணில் படப்போகிறது என்பவனை என்ன செய்வது?

அவள் மோதிரத்தைக் கழற்றிக் கீபோர்டின் மேல் வைத்தாள்.

“மறுபடி வாசிச்சுக்கறேன் அத்தான். ஆனா உங்ககிட்ட இல்ல.”

மணிகளைப் போர்வைகளில் சுற்றிக்கொண்டு வேறு ஊருக்குக் குடிபோனாள். பிள்ளையை விட்டுவிட்டு அத்தையும் கூடவே போனாள். அவன் அடுத்த வருடமே கல்யாணம் செய்துகொண்டான். பெண் நல்ல மாதிரி. பாட்டு என்றாலே அவளுக்குத் தலைவலி.