பார் வைத்த பச்சைச் சைக்கிள்

பஸ்ஸில் போய் வேலையை இழந்தாலும் பரவாயில்லை, சைக்கிளில் போய் மானத்தை இழக்கக்கூடாது என்பது அத்தான் நாகேந்திரத்தின் கட்சி.

"கொழும்பிலை எங்கட பொம்பிளையள் சைக்கிள் ஓடுறதோ? வெள்ளவத்தை முழுக்கத் தெரிஞ்ச சனம். நாளைக்கு நானெல்லோ பதில் சொல்லவேணும்."

அக்காவின் புருஷன் என்று அவர் வீட்டில் தங்கியிருந்த கனகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலம் முழுக்க அவள் சைக்கிள்தான் உழக்கினாள். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்க் கான், கடைசியில் இதே அத்தானின் தாயார் என்று அவளுடைய கரியரில் ஏறாத பாரம் இல்லை.

"உங்கட அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போகேக்கை இந்த மானம் எங்கை நிண்டது, அத்தான்?"

அத்தான் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அவள் வேலை பார்த்தது ஒருகொடவத்தையில், கொண்டெயினர்கள் அடுக்கிவைத்திருக்கும் யார்ட் ஒன்றின் அலுவலகத்தில். பஸ்ஸை வழியில் ஆமிக்காரர் மறித்துச் சோதிப்பார்கள். எல்லாரும் இறங்கி ஏறுவார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருக்கிறவர்கள் மட்டும் இறங்கினபடியே நிற்பார்கள், பஸ் போய்விடும். இன்னொருமுறை பிந்தினால் வரவேண்டாம் என்று மனேஜர் சொல்லிவிட்டார். மறிக்கிறவனிடம் போய் ஒரு வார்த்தை கேட்கத் துணிவில்லாத அத்தானுக்கு, மறிக்கப்பட்டவளிடம் குரலை உயர்த்த மட்டும் நன்றாக வந்தது.

அதனால் சைக்கிள் வேண்டும். வேலைக்கு மட்டும் இல்லை. ஊரில் ஓடியதெல்லாம் தேவைக்கு ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாணந்துறை, நீர்கொழும்பு என்று சும்மா, தன் பாட்டுக்குத் தூர ஓடவேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தானுக்குப் பேப்பர் போதாமல் போயிருக்கும்.

கொட்டாஞ்சேனையில் ஸவாஹிர் முதலாளியின் கடையில் யப்பானில் இருந்து வந்த பாவித்த சைக்கிள்கள் நிறைய நின்றன. அவளைக் கண்டதும் அவர் ரோஸ் நிறத்தில், முன்னால் கூடை வைத்த, பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் ஒன்றை உருட்டி வந்தார்.

"தங்கச்சிக்கு இதுதான் சரி. கூடையில மரக்கறி வைக்கலாம்."

"நான் மரக்கறி விக்கப் போகேல்லை, முதலாளி."

இருந்தாலும் ஏறிப் பார்த்தாள். சீற்றை எவ்வளவு உயர்த்தினாலும் முழங்கால் மடிந்தே நின்றது. அதில் ஒருகொடவத்தைக்குப் போய்ச் சேர்ந்தால், பிறகு கதிரையில் இருக்க முதுகு மிஞ்சாது. அவளுடைய கண் மூலையில் நின்ற பச்சை ரேசிங் சைக்கிளில் இருந்தது. வளைந்த ஹான்டில், மெல்லிய டயர், பத்துக் கியர், நடுவில் நேரான பார்.

"அது ஆம்புளப் புள்ளைகள் ஓடுறது."

"ஆம்பிளையளுக்கும் ரெண்டு கால்தானே?"

ஸவாஹிர் முதலாளி சிரித்துவிட்டார். சீற்றைத் தட்டி உயர்த்தி, அவள் ஏறும்வரை பிடித்துக்கொண்டார். பெடல் கீழே போனபோது கால் கிட்டத்தட்ட முழுக்க நீண்டது. "ஒரு சுத்து ஓடிப் பாத்திட்டு வாங்க" என்றார்.

என்ன ஓட்டம்! ஒரு மிதி மிதித்தால் மூன்று கடை பின்னால் போனது. கடற்காற்று பஞ்சாபிச் சட்டையை உப்பவைத்தது. ஊர் விட்டு வந்தபிறகு அவள் தன்னை மறந்து சிரித்தது அன்றைக்குத்தான். சந்தி திரும்பியதும் மண்மூட்டை அடுக்கிய ஆமிக் காவலரண், சென்றி, தெரிந்தது. அவள் இறங்கினாள். இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தாள்.

யாழ்ப்பாணத்தில் அதுதான் வழக்கம். சென்றியைக் கண்டால் இறங்கி, நடந்து தாண்டிய பிறகுதான் ஏறவேண்டும். இறங்காவிட்டால் என்ன நடக்கும் என்று அங்கே யாரும் பரீட்சித்துப் பார்ப்பதில்லை. கொழும்பில் அப்படி ஒரு சட்டமே இல்லை. முன்னால் போன மீன்காரன் ஓடியபடியே போனான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கதைத்தபடி ஓடினார்கள். இறங்கியவள் அவள் ஒருத்திதான்.

சென்றியில் நின்ற சின்ன வயது ஆமிக்காரன் துவக்கை நிமிர்த்தினான். ஏன் இறங்கினாய் என்று சிங்களத்தில் கேட்டான். அவள் அடையாள அட்டையை எடுக்கப் போனாள்.

"நங்கி, யாப்பனேத?"

தங்கச்சி, யாழ்ப்பாணமா என்கிறான். அட்டையைப் பார்க்க முன்னமே அவளுடைய கால்கள் சொல்லிக் கொடுத்துவிட்டன. சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு, சீற்றைக் கழற்றி, குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். அவள் வெயிலில் நின்றாள். ஸவாஹிர் முதலாளி சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்து, தன் கடைச் சைக்கிள், தெரிந்த பிள்ளை என்று சிங்களத்தில் மன்றாடிய பிறகுதான் விட்டார்கள்.

கடைக்குத் திரும்பியதும் அவர் சோடா உடைத்துக் கொடுத்தார். பிறகு மெதுவாக அந்த ரோஸ் சைக்கிளை முன்னால் தள்ளினார்.

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. பார் இல்லாட்டி மறிச்ச உடனே டக்குண்டு இறங்கலாம். உங்கட நல்லதுக்குச் சொல்றேன்."

நல்ல மனிதர். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அடித்துச் சொல்கிறவனோடு சண்டை பிடிக்கலாம், சோடா தந்து சொல்கிறவரோடு என்ன செய்வது?

"இறங்கிறதுக்கோ முதலாளி நான் சைக்கிள் வாங்கிறன்? ஓடுறதுக்கு வாங்கிறன். பச்சையைத் தாங்கோ."

அதே வழியால்தான் போனாள். வேறு வழி இருந்தது, வேண்டுமென்றே அதே வழியால் போனாள். சென்றி தெரிந்ததும் வலது கால் தானாகக் கிளம்பியது. அதைப் பெடலில் வைத்து அழுத்தினாள். இறங்கமாட்டேன், சுட்டாலும் இறங்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவனை நேரே பார்த்தாள்.

அவனுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. துவக்கைத் தொடவில்லை. வாத்தியார் மாதிரித் தலையை ஆட்டிச் சிரித்து, கையால் போகச் சொன்னான்.

"ஹரி, நங்கி, ஹரி."

சரி, இப்பதான் சரியாம்! இறங்கியதும் அவர்கள் பழக்கியதால், இறங்காமல் போவதும் அவன் அனுமதித்ததால். அவளுடைய வீரத்தை அவன் கெட்டிக்காரி என்று தட்டிக்கொடுத்துவிட்டான். கனகேஸ்வரிக்கு ஆத்திரத்தில் கண்ணீர் பொங்கியது. கையை விட்டுத் துடைக்க முடியாததால் அழுதுகொண்டே மிதித்தாள். வெள்ளவத்தை வந்தது, வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை வந்தது, பாணந்துறைப் பக்கம் றோட்டு நேராகப் போனது. அவள் நிற்கவில்லை.